காணாத சீட்டின் கிரயம்

முன்பதிவு என்ற வழக்கம், சரக்கு தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில் பிறந்தது. ஒரு நூல் ஆயிரம் பிரதிதான் அச்சாகப்போகிறது என்றால், அதை விரும்புகிறவன் அச்சு இயந்திரம் ஓடுவதற்கு முன்பே பதிப்பாளரிடம் பணத்தைக் கட்டித் தன் பெயரைப் பதிந்துகொள்வதில் நியாயம் இருக்கிறது. பதிப்பாளருக்கும் காகிதம் வாங்கக் கைமுதல் கிடைக்கிறது. ஆனால் காகிதமும் மையும் வேண்டாத, எத்தனை பேருக்கு விற்றாலும் கையிருப்பில் ஒன்றுகூடக் குறையாத, கணினித் திரையில் மட்டுமே உயிர்வாழ்கிற விளையாட்டுச் சீட்டுகளை, அவை வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பாகவே 50 டாலர் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் எப்படி வந்தது, அந்தப் பணத்துக்கு ஈடாக வாங்கியவன் கையில் எது வந்து சேர்ந்தது என்பவை, பத்தாண்டுக் காலத்துக்குள் நடந்து முடிந்த ஒரு சிறிய வர்த்தக சரித்திரத்தின் கேள்விகள். சிறியதென்றாலும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் கைக்காசைக் கொண்டுபோய் வைக்கும் கடைகளில் இதுவும் ஒன்று.

சரித்திரத்தின் வேர் காகிதத்தில் இருக்கிறது. கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் வகுத்த ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் ஆட்டத்தை, விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற சிறு ஸ்தாபனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்டது. வழக்கமான சீட்டுக்கட்டில் எல்லாரிடமும் அதே 52 சீட்டுகள் இருக்கும். இந்த ஆட்டத்திலோ அவரவர் வாங்கிச் சேர்த்த சீட்டுகளைக் கொண்டு அவரவர் தமக்கென்று ஒரு கட்டை அமைத்துக்கொள்ள வேண்டும். சீட்டுகள் உறையிட்ட பாக்கெட்டுகளில் வரும். உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். முதற்பதிப்பாக அடித்த ஏறக்குறைய 26 லட்சம் சீட்டுகளும் சில வாரங்களில் தீர்ந்துபோயின. அடுத்தடுத்து வந்த தொகுதிகளிலும் இதே கதை; கடைக்காரர் 100 பெட்டி கேட்டால் அதில் ஒரு பங்குதான் வந்துசேரும் என்ற நிலை. வியாபாரிகள் இதற்கு ஒரு யுக்தி கண்டார்கள்: வேண்டியதைவிடப் பன்மடங்கு கேட்டால், வெட்டிக் குறைத்து அனுப்புகிறபோது வேண்டியது வந்துவிடும் என்பது அந்த யுக்தி.

அந்த யுக்தி 1994 நவம்பரில் வெளியான ‘ஃபாலன் எம்பயர்ஸ்’ தொகுதியில் குப்புறக் கவிழ்ந்தது. அந்த முறை ஸ்தாபனம் தாராளமாக அச்சிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டபடி பெட்டிகள் போய் இறங்கின. முன்கூட்டியே பன்மடங்கு எழுதிக் கொடுத்திருந்த கடைக்காரர்கள், விற்க முடியாத பாக்கெட்டுகளை அலமாரியில் அடுக்கிவைத்து, பின்வந்த ஆண்டுகளில் குறித்த விலைக்கும் கீழே தள்ளிவிட நேர்ந்தது. மறு ஆண்டில் பழைய அருஞ்சீட்டுகளை ‘கிரானிகிள்ஸ்’ என்ற பெயரில் ஸ்தாபனம் மறுபடி அச்சிட்டதால், அவற்றைப் பெருவிலை கொடுத்துச் சேர்த்து வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் விளைவாகக் குறிப்பிட்ட சில சீட்டுகளை இனி ஒருகாலும் மறுபதிப்புச் செய்வதில்லை என்று 1996ல் ஸ்தாபனம் வாக்குக் கொடுத்தது. காகிதச் சீட்டின் மதிப்பு அருமையில் நிற்கிறது. அருமை என்பதோ அச்சிடுகிறவன் கையை அடக்கிக்கொள்வதில் நிற்கிறது. இந்தப் பாடத்தை 3 ஆண்டுகளுக்குள் அந்த வர்த்தகம் கற்றுக்கொண்டது.

2002ல் அதே ஆட்டம் ‘மேஜிக் ஆன்லைன்’ என்று கணினிக்குள் புகுந்தபோது, இந்தப் பாடத்தின் சாயல் அங்கும் விடவில்லை. திரையில் தோன்றும் பாக்கெட்டுக்குக் கடையில் வாங்கும் பாக்கெட்டின் விலையையே வைத்தார்கள். கேட்பவர்களுக்கு ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு காரணமும் இருந்தது: ஒரு தொகுதியின் எல்லாச் சீட்டுகளையும் திரையில் சேர்த்து முடித்தவன், ஒரு கட்டணம் செலுத்தி, அவற்றை ஒப்படைத்துவிட்டு, அதே தொகுதியைக் காகிதத்தில் வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளலாம். மேலும் அங்கே விளையாட்டாளர்கள் தமக்குள் சீட்டுகளை மாற்றிக்கொள்ளவும் விற்கவும் வழி இருந்தது. ஆகவே ஒரு சீட்டுக்கு என்ன விலை என்று கேட்டால், சந்தையே பதில் சொல்லிவிடும்.

சந்தை வாய்மூடிய இடம் ‘ஹார்த்ஸ்டோன்’. பிளிஸார்ட் என்ற பெரிய ஸ்தாபனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட இந்த ஆட்டத்தை யாரும் இலவசமாகத் தொடங்கலாம். 2018க்குள் 10 கோடிப் பேர் விளையாடியதாக ஸ்தாபனமே அறிவித்தது. இதில் ஒருவன் மற்றொருவனுக்குச் சீட்டை விற்க முடியாது, மாற்ற முடியாது, இனாமாகக் கொடுக்கவும் முடியாது. வேண்டாத சீட்டை உடைத்துத் ‘தூள்’ ஆக்கலாம். போதிய தூள் சேர்ந்தால் வேண்டிய சீட்டை உருவாக்கிக்கொள்ளலாம். சீட்டுகளில் காமன், ரேர், எபிக், லெஜண்டரி என்று நான்கு படிகள். காமன் சீட்டை உடைத்தால் 5 தூள், உருவாக்க 40. ரேர் 20க்கு உடையும், 100க்கு உருவாகும். எபிக்குக்கு 100உம் 400உம்; லெஜண்டரிக்கு 400உம் 1600உம். விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் இடையே நான்கு மடங்கு முதல் எட்டு மடங்கு வரை வித்தியாசம் வைத்த நாணயமாற்றுக் கடை இது; அதுவும் ஊரில் ஒரே கடை.

பாக்கெட் பிரிக்கும் காட்சியை அருகில் நின்று பார்க்க வேண்டும். திரையின் இடப்பக்கம் அடுக்கிக் கிடக்கும் உறைகளில் ஒன்றைச் சுட்டியால் பிடித்து இழுத்து நடுவிலுள்ள பீடத்தில் விட்டால், ஒளி சிதறி உறை வெடிக்கிறது. முகம் கவிழ்ந்த 5 சீட்டுகள் வட்டமாக வந்து நிற்கின்றன. உடனே புரட்ட வேண்டியதில்லை. சுட்டியை ஒவ்வொன்றின் மேலும் மெல்ல நகர்த்தினால், உள்ளிருப்பது ரேரானால் விளிம்பில் நீலமும், எபிக்கானால் ஊதாவும், லெஜண்டரியானால் செம்பொன் நிறமும் ஒளிர்கின்றன. அந்தச் செம்பொன் தோன்றுகிற ஒரு கணத்துக்காகவே, புரட்டாமல் சுட்டியை மட்டும் நகர்த்திக்கொண்டு மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள். புரட்டியதும் ஆட்டத்தின் அறிவிப்பாளரான விடுதிக்காரரின் கனத்த குரல் சீட்டின் படியை உரக்கக் கூறும். பெரும்பாலான தடவைகளில் அந்தச் செம்பொன் வருவதில்லை. 4 காமனும் 1 ரேரும் என்பதுதான் பாக்கெட்டின் சாதாரண நிலை. அதை அப்படியே உடைத்தால் 40 தூள் கிடைக்கும். அதாவது, ஒரு முழுப் பாக்கெட்டை அழித்து, தனக்கு வேண்டிய ஒரே ஒரு காமன் சீட்டைச் செய்துகொள்ளலாம். விளையாட்டாளர்கள் பாக்கெட்டின் மதிப்பைத் தூளில் கணக்கிடத் தொடங்கியது இந்த அனுபவத்திலிருந்துதான்.

முன்பதிவுத் தொகுப்பு இந்த ஆட்டத்தில் முதன்முதலாக 2015ல் வந்தது. ‘தி கிராண்ட் டோர்னமென்ட்’ என்ற 132 சீட்டுகள் கொண்ட தொகுதியை ஜூலையில் அறிவித்து, ஆகஸ்ட் 24 அன்று வெளியிட்டார்கள்; இடைப்பட்ட வாரங்களில், 49.99 டாலருக்கு 50 பாக்கெட் என்ற சலுகையை முன்வைத்தார்கள். வழக்கமாக அந்த விலைக்கு 40 பாக்கெட்டுதான். பாக்கெட் ஒன்று 1 டாலர் 25 சென்டிலிருந்து 1 டாலருக்கு இறங்கியது என்பது சலுகையின் முழு சாரம். கூடவே, சீட்டின் முதுகுக்கு ஒரு விசேஷச் சித்திரம். வெளியீட்டு நாள் கழிந்தால் இரண்டும் கிடையா. அடுத்து வந்த தொகுதிகளிலும் இதே 50 பாக்கெட், இதே விலை தொடர்ந்தது. பின்னர் சிறியது, பெரியது என்று இரண்டு தொகுப்புகளாகப் பிரிந்து, பெரியது 80 டாலரைத் தொட்டது. முதுகுச் சித்திரத்தோடு நாயகர்களின் உருவப்படங்களும், பொன்முலாம் பூசிய லெஜண்டரி சீட்டும் சேர்ந்துகொண்டன.

தீராத சரக்குக்குத் தீரும் நாள் ஒன்றை ஸ்தாபனமே குறித்துவைத்ததுதான் இங்கு நடந்த காரியம். காகித உலகில் இயற்கையாக இருந்த பற்றாக்குறையின் இடத்தில், நாட்காட்டியில் ஒரு தேதியை நிறுத்தினார்கள். நம் ஊர்ப்பக்கம் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுக்கும் வியாபாரி, காயைக் காணாவிட்டாலும் தோப்புக்குள் நடந்து போய், மரத்தை எண்ணி, கொத்தைப் பார்த்து, போன வருஷத்து மழையை விசாரித்துக்கொண்டுதான் பேரம் பேசுவார். முன்பதிவு தொடங்கும் நாளில் சீட்டு வாங்குகிறவனுக்குப் பூவும் தெரியாது. 132 சீட்டுகளில் ஒரு சிலவற்றின் முகத்தை மட்டுமே அவனுக்குக் காட்டியிருப்பார்கள். அவனிடம் இருப்பது அடுக்கின் எண்ணிக்கையும் விலையும் மட்டுமே. ஆகவே அந்த இரண்டிலிருந்தும் எவ்வளவு தூரம் கணக்கிட முடியுமோ அவ்வளவு தூரமும் கணக்கிட்டுப் பார்ப்பது அவனுடைய கடமை. அந்தக் கணக்கை விளையாட்டாளர்கள் பொறுமையோடு போட்டிருக்கிறார்கள் என்பதை இங்கே மனமாரப் பாராட்ட வேண்டும். ஸ்தாபனம் வாய்திறப்பதற்கு முன்பே, ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளைப் பிரித்தவர்கள் தங்கள் குறிப்புகளைக் கூட்டி, 40 பாக்கெட்டுக்குள் ஒரு லெஜண்டரி கட்டாயம் வந்துவிடுகிறது என்பதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

2017 ஏப்ரலில் வெளியான ‘ஜர்னி டு உன்கோரோ’ தொகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் 49 காமன், 36 ரேர், 27 எபிக், 23 லெஜண்டரி, ஆக 135 வகை. ஒரு கட்டில் ஒவ்வொரு லெஜண்டரியிலும் ஒன்றுதான் வைக்கலாம், மற்றவை இரண்டிரண்டு வைக்கலாம் என்பது ஆட்ட விதி. ஆகையால் தொகுதியைப் பூரணமாக உடையவன் கையில் 98 காமன், 72 ரேர், 54 எபிக், 23 லெஜண்டரி, மொத்தம் 247 சீட்டுகள் இருக்க வேண்டும். முன்பதிவு செய்தவனுக்கு வருவது 50 பாக்கெட்டில் 250 சீட்டுகள். தொகுதிக்கு வேண்டியதைவிட 3 கூடுதல்! எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்ந்தவன் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். சராசரியாக 20 பாக்கெட்டுக்கு ஒரு லெஜண்டரி, 5 பாக்கெட்டுக்கு ஓர் எபிக் என்ற விகிதப்படி, 50 பாக்கெட்டில் அவனுக்கு வரக்கூடியவை 23க்கு எதிரே இரண்டோ மூன்றோ லெஜண்டரி, 54க்கு எதிரே 10 எபிக். காமனோ ஏறக்குறைய 180 வந்து குவியும். அவனுக்குத் தேவை 98. எஞ்சியவை 5 தூளுக்கு உடைபட வேண்டிய உமி.

தூள் கணக்கில் பார்த்தாலும் இதே முடிவு. பாக்கெட் ஒன்று சராசரியாக 80 தூள். அபூர்வமாக வரும் பொன் சீட்டுகளையும் சேர்த்தால் 100ஐ ஒட்டி நிற்கும். 50 பாக்கெட்டையும் உடைத்து உருக்கினால் ஏறக்குறைய 5000 தூள். லெஜண்டரி ஒன்றைச் செய்ய 1600 தூள் ஆகிறபடியால், 50 டாலர் கொடுத்தவன் தனக்கு வேண்டியதென்று தானே தேர்ந்து பெறக்கூடியவை 3 லெஜண்டரி சீட்டுகள். உன்கோரோ தொகுதி முழுவதையும் தூளினாலேயே செய்வதானால் 69,520 தூள் வேண்டும். அதில் பாதிக்கு மேல், 36,800, அந்த 23 லெஜண்டரிகளுக்கே போய்விடுகிறது. ஆட்டத்தின் செல்வமெல்லாம் எந்தப் படியில் குவிந்து கிடக்கிறது, தொகுப்பு எந்தப் படியை வாரி வழங்குகிறது என்பதை இந்த எண்கள் ஒளிவின்றிக் காட்டுகின்றன.

பிற்காலத்தில் இந்தக் கணக்கை ஸ்தாபனமே வாங்குகிறவனுக்குச் சாதகமாகத் திருத்தியது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். 2017 ஆகஸ்டில் வந்த ‘நைட்ஸ் ஆஃப் தி ஃப்ரோஸன் த்ரோன்’ தொகுதி முதல், புதுத் தொகுதியின் முதல் 10 பாக்கெட்டுக்குள் ஒரு லெஜண்டரி நிச்சயம் என்றும், ஏற்கெனவே கையிலுள்ள லெஜண்டரி மறுபடி வராது என்றும் விதி செய்தார்கள். 2020ல் அந்த இரண்டாவது விதி எல்லாப் படிகளுக்கும் விரிந்தது. ஆனால் முதல் விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. நிச்சயமான லெஜண்டரி முதல் பத்திலேயே வந்துவிடுகிறபடியால், எந்தத் தொகுதியிலும் மிகச் சிறந்த லாபம் தருபவை முதல் 10 பாக்கெட்டுகளே. அந்தப் பத்தைக் காசில்லாமல் சேர்ப்பது எளிது.

காசில்லாமல் சேர்ப்பது என்றேன். முன்பதிவை எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் தராசுத்தட்டு அதுதான். ஆட்டத்தில் 100 பொற்காசு கொடுத்தால் ஒரு பாக்கெட் கிடைக்கும். அந்நாட்களில் அன்றாடம் ஒரு பணியை முடித்தால் 40 முதல் 60 வரை பொற்காசு கிடைத்துவந்தது. 2017 முதல் ஆண்டுக்கு மூன்று தொகுதி என்ற கணக்கில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 4 மாதம். நாளொன்றுக்கு 50 காசென்று வைத்துக்கொண்டால், 120 நாளில் 6000 காசு. அதாவது 60 பாக்கெட். தவறாமல் தினமும் ஓர் அரைமணி நேரம் ஆடி, சேர்ந்த காசைச் செலவழிக்காமல் அடுத்த தொகுதி வரை வைத்திருக்கும் பொறுமைசாலிக்கு, முன்பதிவுத் தொகுப்பைவிட 10 பாக்கெட் கூடுதலாகவே வாய்த்தது. தொகுப்பை வாங்கியவன் செலுத்திய 50 டாலரும் அந்தப் பொறுமைக்குரிய விலை. வேலையும் குடும்பமும் உடைய ஒருவருக்கு 4 மாதத்து அரைமணிகள் 50 டாலருக்கு மேல் பெறும் என்பதை நான் மறுக்கவில்லை. பள்ளி விடுமுறையில் ஆடுகிற சிறுவனுக்கு அது பொருந்தாது.

ஸ்தாபனம் ஒருநாளும் விளம்பரத்தில் சொல்லாத, ஆனால் யார் வேண்டுமானாலும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கக்கூடிய இன்னொரு விஷயம் உண்டு. எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிக முக்கியமாகப்படுவது அதுவே. 2016 ஏப்ரலில் ‘ஸ்டாண்டர்ட்’ என்ற ஆட்டமுறையை வகுத்து, ஆட்டத்தின் அடிப்படைச் சீட்டுகள் நீங்கலாக, நடப்பாண்டிலும் முந்தின ஆண்டிலும் வந்த தொகுதிகளே அதில் செல்லும் என்று விதித்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தகாலத்துத் தொகுதி வெளிவரும்போது, பழையவை மொத்தமாக வெளியேறும். இதன்படி 2017 ஏப்ரலில் வந்த உன்கோரோவும், ஆகஸ்டில் வந்த ஃப்ரோஸன் த்ரோனும், டிசம்பரில் வந்த ‘கோபோல்ட்ஸ் அண்ட் கேடகோம்ஸ்’ தொகுதியும் ஒரே நாளில், 2019 ஏப்ரலில், விடைபெற்றன. ஆயுள் முதலாவதற்கு 24 மாதம், இரண்டாவதற்கு 20, மூன்றாவதற்கு 16. மூன்றின் முன்பதிவு விலையும் ஒன்றே, 49.99 டாலர். மூன்றிலொரு பங்கு ஆயுள் குறைந்த பண்டத்துக்கு ஒரு சென்டுகூட விலை குறையவில்லை. டிசம்பர் தொகுப்பை வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்த்திருப்பார்கள்? பாக்கெட் எண்ணிக்கையில் 10 கூடியதைப் பெரிதாகப் பேசிய நாம், மாதத்தில் எட்டுக் குறைந்ததைப் பேசாமல் விட்டோம்.

சீட்டுகளை முழுவதும் கண்ட பின்னாவது மதிப்பிட முடிந்ததா என்றால், அதுவும் எளிதாக இருக்கவில்லை. முதல் முன்பதிவுக்கு உரிய கிராண்ட் டோர்னமென்ட் தொகுதி, ஆடிப் பார்த்தபோது வலுவற்றதென்று பெயரெடுத்தது. அதன் பெருமையாக முன்னிறுத்தப்பட்ட புதிய ஆட்டவகை மெதுவானதென்று பலரும் கைவிட்டார்கள். வெளியாவதற்கு முன் பலரும் பொருட்படுத்தாத ‘மிஸ்டீரியஸ் சேலஞ்சர்’ என்ற ஓர் எபிக் சீட்டோ, ‘பாலடின்’ என்ற நாயக வகுப்பின் கட்டுகளில் ஏறி, பல மாதங்கள் ஆட்டக்களத்தையே ஆண்டது. அதற்கு முந்தின ஆண்டில் ‘டாக்டர் பூம்’ என்ற லெஜண்டரிக்கும் இதே கதை நேர்ந்தது. முதலில் சாதாரணமென்று கருதியவர்களே பின்னால் அதில்லாத கட்டை அமைக்கத் தயங்கினார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களின் கண்ணுக்கே, முகம் தெரிந்த சீட்டின் மதிப்பு தப்பியது. வெளியீட்டுக்குப் பின் இரண்டு வாரம் பொறுத்திருந்தவனுக்கு மட்டும் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தெளிவாகத் தெரிந்தது. தன்னிடமுள்ள தூளைக் கொண்டு வேண்டியதை மட்டும் செய்துகொண்டான்.

வாய்ப்பு விகிதங்களை ஸ்தாபனத்தின் வாயிலிருந்தே வரவழைத்த பெருமை சீன அரசாங்கத்தைச் சேரும். அங்குள்ள கலாசார அமைச்சகத்தின் ஆணைப்படி, 2017 மே முதல், இப்படி உள்ளிருப்பது தெரியாத பொருளை விற்கும் ஆட்டங்கள் தத்தம் விகிதங்களை வெளியிட வேண்டியதாயிற்று. 20க்கு ஒன்று, 5க்கு ஒன்று என்று நான் மேலே காட்டிய கணக்கு அப்போது பகிரங்கமானது. சில வாரங்களில் அங்கே ஒரு மாற்றமும் வந்தது: பாக்கெட்டை விற்பதற்குப் பதிலாகத் தூளை விற்று, பாக்கெட்டை அதனோடு வரும் இனாம் என்று எழுதிக்கொண்டார்கள். பெயர் மாறியது, கைமாறிய பணமும் பாக்கெட்டும் மாறவில்லை. 2018ல் பெல்ஜியமும் நெதர்லாந்தும் வேறு சில ஆட்டங்களின் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் விசாரித்தபோது, நெதர்லாந்து அதிகாரிகள் ஒரு கோட்டைக் கிழித்தார்கள்: பெட்டியிலிருந்து வரும் பொருளைப் பிறருக்குக் கைமாற்ற முடியுமானால் அதற்குச் சந்தை மதிப்பு உண்டு, ஆகவே சட்டம் பாயும். கைமாற்ற முடியாத ஹார்த்ஸ்டோன் சீட்டுகள் அந்தக் கோட்டுக்கு இப்பால் நின்றன. விற்க முடியாததாலேயே மதிப்பற்றதென்று சட்டம் கருதத்தக்க ஒன்றை 50 டாலருக்கு விற்றுவந்தார்கள் என்பது, அந்தக் கோட்டை இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நமக்குத் தெரிகிறது.

மேஜிக்கின் புதிய கணினி வடிவமான ‘அரீனா’வும் 2019ல் இதே 50 பாக்கெட், 49.99 டாலர் முன்பதிவைத் தொடங்கிற்று. அங்கே சாதாரண நாளில் அதே பணத்துக்கு ‘ரத்தினம்’ என்ற ஆட்ட நாணயம் 9200. பாக்கெட்டுக்கு 200 ரத்தினம் வீதம் 46 பாக்கெட். சலுகை நாலே பாக்கெட். 99.99 டாலர் கொடுத்து 20,000 ரத்தினம் வாங்குகிறவனுக்கு எந்நாளும் பாக்கெட் ஒரு டாலர்தான் என்பதால், அவனுக்கு அந்தச் சலுகையும் இல்லை. உடன் வரும் அலங்காரங்கள் மட்டுமே மிச்சம்.

இந்த முறையை விட்டு விலகிப்போன முயற்சிகளும் உண்டு. கார்ஃபீல்டே வகுத்து, வால்வ் ஸ்தாபனம் 2018 நவம்பரில் வெளியிட்ட ‘ஆர்ட்டிஃபாக்ட்’ ஆட்டத்தில் சீட்டுகளைச் சந்தையில் விற்கலாம், வாங்கலாம். முதல் நாட்களில் ‘ஆக்ஸ்’ என்ற ஒரு சீட்டு மட்டும் 20 டாலர் பெற்றது. ஆடுகிறவர்கள் சில மாதங்களில் கலைந்துபோனார்கள். 2021 மார்ச்சில் அதைக் கைவிட்ட ஸ்தாபனம், எல்லாச் சீட்டுகளையும் எல்லாருக்கும் இலவசமாக்கிவிட்டது. ரயட் ஸ்தாபனத்தின் ‘லெஜண்ட்ஸ் ஆஃப் ரூனெட்டரா’ 2020ல் பாக்கெட் விற்பனையையே ஒழித்து, வேண்டிய சீட்டை நேராகப் பெறும் வழியைத் திறந்தது. ஹார்த்ஸ்டோனும் 2021 ஜனவரியில் ‘மினி செட்’ என்ற பெயரில் 35 வகைச் சீட்டுகள் அடங்கிய சிறு தொகுதியை, ஒன்றுவிடாமல் முழுமையாக, 14.99 டாலருக்கோ 2000 பொற்காசுக்கோ கொடுத்தது. எது வரும், எத்தனை வரும், என்ன விலை என்ற மூன்றும் தெரிந்து வாங்கும் பண்டம் அது. என் அபிப்பிராயத்தில், இந்த வர்த்தகம் செய்த காரியங்களில் மிகவும் நேர்மையானது அதுதான். முன்பதிவுத் தொகுப்பும் ஒருநாள் அந்த வழிக்கு வர வேண்டும். அதுவரை, பணம் கட்டப்போகிற பிள்ளையிடம் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உன் கையில் சேர்ந்திருக்கும் பொற்காசு எவ்வளவு, இந்தச் சீட்டு எந்த மாதம் வரை செல்லும்?

மாதக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சீனத்தில் நடந்ததே சாட்சி. பிளிஸார்டுக்கும் அங்கே அதன் ஆட்டங்களை நடத்திவந்த நெட்ஈஸ் ஸ்தாபனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் முடிந்தபடியால், 2023 ஜனவரி 23 அன்று ஹார்த்ஸ்டோனின் சர்வர்கள் அந்நாட்டில் நின்றுபோயின. ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சேர்த்த சீட்டுகள் எவையும் யாருக்கும் கண்ணில் படவில்லை. புதிய உடன்பாட்டுக்குப் பின் 2024 செப்டம்பரில் ஆட்டம் அங்கே திரும்பிற்று. நின்றுபோவதற்கு ஏழு வாரம் முன்னால், 2022 டிசம்பரில், ‘மார்ச் ஆஃப் தி லிச் கிங்’ என்ற தொகுதி வெளிவந்திருந்தது. சர்வர்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது அது ஸ்டாண்டர்டிலிருந்து வெளியேறி ஆறு மாதம் ஆகியிருந்தது.